விண்கப்பலில் நம்ம ஆளு

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருந்த பெரியம்மாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஒரு தொடர் பார்ப்பதைவிட, ஒரு கிலோ நெத்திலியைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்வது எளிது. நெத்திலி குறுக்கே பேசாது.

பெரியம்மா என்றால் உறவில்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நான் பெரியம்மா என்றேன். இருவரும் பீடோர் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களையும் இடித்தபோது ஈப்போவுக்கு வந்து, ஒரே மலிவு விலை அடுக்குமாடியில் மேலும் கீழுமாகக் குடியேறினார்கள். நாங்கள் நாலாம் மாடி. அவர் மூன்றாம் மாடி. கணவர் இல்லை. மகன் ஜொகூரில் வேலை பார்த்தான். பெரியம்மா புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத்தீனி செய்யும் ஒரு பட்டறையில் முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டார். சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்துவிடும். மூன்று மணிக்குத் தொடர் தொடங்கும். இரண்டே முக்காலுக்குக் கீழேயிருந்து சத்தம் வரும்.

"படிச்ச புள்ள இருக்கா, இல்ல தூங்குதா?"

அந்தத் தொடரில் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். கீழே மலாயில் எழுத்து ஓடும். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் பேசுவார், வாசிக்க வராது. தமிழும் வாசிக்க வராது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலோடு அவர் படிப்பு முடிந்தது. எண்கள் மட்டும் தெரியும். என் அப்பா அம்மா கதையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் வீட்டில் முழுதாகப் படித்தவள் என்று முதலில் வந்தவள் நான். பத்து வயதிலேயே, அந்தப் படிக்கட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் மருத்துவமனைச் சீட்டு வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு. ஆனால் பெரியம்மாவின் சனிக்கிழமைகளை அந்தப் பெருமையின் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. மற்றவர்கள் ஒரு தாளைக் கொடுத்து, என்னவென்று கேட்டு, போய்விடுவார்கள். இவருக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற எழுத்தை ஓட ஓடத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்குள் நான்கு வரி ஓடியிருக்கும். "என்னா சொன்னாங்க இப்ப?" என்று அதற்கும் கேட்பார்.

கதை இதுதான். ஒரு பெரிய கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிறது. தலைவி முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். அவளுக்குக் கீழே சீருடை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர். அடித்தளத்தில், காற்றுக் குழாய்களைத் துடைத்துக்கொண்டு, சீருடை இல்லாமல் ஒருவர். சாம்பல் நிறத் தோல், கைக்கு மூன்று விரல், மூக்கு கிடையாது. அவர் பிறந்த கிரகம் வெடித்துப்போய், வான வரைபடத்திலிருந்து அதன் பெயரையே எடுத்துவிட்டார்கள். கப்பல் எங்கே இறங்கினாலும் அங்குள்ள அதிகாரிகள் அவரை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். எந்தக் கிரகம் என்று கேட்பார்கள். அவர் சொல்வார். பட்டியலில் அப்படி ஒன்று இல்லையே என்பார்கள். தொடரில் அவருக்கு வாயில் நுழையாத நீளமான ஒரு பெயர் இருந்தது. பெரியம்மா அதை ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் திரையில் வந்ததும் காலை மடக்கிக்கொண்டு முன்னால் நகர்வார்.

"நம்ம ஆளு வந்துட்டாரு."

"எப்படிப் பெரியம்மா நம்ம ஆளு? அவருக்கு மூக்கே இல்ல."

"மூக்கு இல்லாட்டி என்னா? நல்லா பாரு. எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க. அவரு மட்டும் நின்னுக்கிட்டுச் சாப்பிடுறாரு. நம்ம ஆளுதான்லா."

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவருடைய ஐசி. எங்கள் எல்லாருக்கும் நீல நிற அடையாள அட்டை. அவருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இந்த நாட்டில் தங்கலாம், வேலை செய்யலாம். ஆனால் குடிமகள் இல்லை. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. அவருடைய கணவருக்கும் மகனுக்கும் நீலம். என் அம்மாவுக்கும் நீலம். ஒரே தோட்டம், அடுத்தடுத்த லயம், இரண்டு வயது வித்தியாசம். அம்மாவின் அப்பா, பிள்ளை பிறந்ததும் பீடோருக்கு நடந்துபோய்ப் பதிந்திருக்கிறார். பெரியம்மாவின் அப்பா, தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லியிருக்கிறார். கிராணி தன் பெரிய புத்தகத்தை எடுத்து, அந்த வீட்டுப் பெயருக்குக் கீழே பெண் குழந்தை ஒன்று என்று எழுதிக்கொண்டார். அது அரிசிக்கும் வீட்டுக்கும் உரிய புத்தகம். பெரியம்மாவின் அப்பாவுக்கு அது தெரியாது. கிராணி எழுதிவிட்டால் கவர்மெண்ட் எழுதிய மாதிரி என்றுதான் அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோதுதான், அந்தப் புத்தகத்தில் இருந்த பிள்ளை நாட்டின் புத்தகத்தில் இல்லை என்று தெரிந்தது. கிராணியின் புத்தகம் தோட்டத்தை விற்றபோது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

"பட்டியல்ல இல்லையாம்" என்று தொடரில் அதிகாரி சொன்னதை நான் சொல்லும்போதெல்லாம், பெரியம்மா என் முழங்காலில் ஒரு அடி வைப்பார். வலிக்கும். "கேட்டியா? அதேதான். அதே வார்த்த."

பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். முதல் முறை பாவமாக இருந்தது. ஐம்பதாவது முறை முழங்கால்தான் நினைவுக்கு வந்தது.

கப்பலில் ஒரு கதவு உண்டு. கையை வைத்தால் திறக்கும். அவர் கைக்கு மட்டும் திறக்காது. வேறு யாராவது வரும்வரை சுவரோரம் ஒதுங்கி நிற்பார். அந்தக் காட்சி வந்த அன்று பெரியம்மா எழுந்துபோய் விளக்கைப் போட்டு, தன் இரண்டு கட்டை விரல்களையும் என் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். இளமையில் பால் வெட்டியது, பிறகு இத்தனை வருடம் சூட்டு எண்ணெயும் மாவும். ரேகை மொத்தமும் மழுங்கி, விரல் நுனி சோப்பு மாதிரி இருந்தது.

"பேங்குல மெஷின் இத எடுக்காது. மூணு தடவ தொடைச்சுட்டு வைக்கணும். இந்தக் கதய எழுதினவன் என்னைய எங்கயோ பாத்திருக்கான்லா."

"எழுதினவர் அமெரிக்காவுல இருக்காரு, பெரியம்மா. இது கதை."

"உனக்குக் கதை."

என்னை அதிகம் கோபப்படுத்தியது, எனக்கும் அந்தக் கப்பலில் ஒரு வேலை கொடுத்ததுதான். நான் யாரையாவது என்னோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அது தலைவியைத்தான். வகுப்புத் தலைவி நான். முடியைக்கூட ஒருமுறை அவளைப்போல வெட்டிக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். பெரியம்மா என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா நீ கேப்டன் இல்ல."

"பின்ன?"

"அந்த டப்பா."

டப்பா என்றால், கப்பலில் மொழிபெயர்ப்பதற்கென்று சுவரில் மாட்டியிருந்த ஓர் இயந்திரம். யார் எந்த மொழியில் பேசினாலும் மற்றவர்களுக்குச் சொல்லும். அதற்கென்று ஒரு கருத்தும் கிடையாது.

"கேப்டன் யாருக்காச்சும் வாசிச்சுக் காட்டுதா? நீதானே வாசிக்கிற."

நான் அன்று பாதியில் எழுந்து போய்விட்டேன். ஐந்து நிமிடத்தில் அம்மா என்னைத் திருப்பி அனுப்பினார். "அக்கா கீழ படத்த மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. போ, போய்ச் சொல்லிட்டு வா. உன் மூஞ்சி ஒண்ணும் தேஞ்சுறாது."

தேர்வு நாட்களில் நான் ஏமாற்றியதும் உண்டு. மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, திரையில் நான்கு பேர் நெடுநேரம் விவாதித்ததை, "போறாங்க" என்று ஒரே சொல்லில் முடித்தேன்.

"இம்புட்டு நேரம் பேசினாங்க. நீ போறாங்கங்குற."

"போறதப் பத்தித்தான் பேசினாங்க."

"நம்ம ஆளு அழுவுறாருலா அங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், ஏன் அழுதார் என்று கேட்டார். கடைசியில் நானே ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மாவை நினைத்து அழுதார் என்றேன். பெரியம்மா தலையாட்டினார். ஏற்கெனவே தனக்குத் தெரியும் என்பதைப் போல.

நியாயமும் பார்க்க மாட்டார். ஒரு பகுதியில் நம்ம ஆளு மருந்து அறையிலிருந்து திருடிவிடுகிறார். அந்த மருந்து இல்லாமல் இன்னொருவர் சாகக் கிடக்கிறார். நான் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். பள்ளியில் விவாதப் போட்டியில் பரிசு வாங்கியவள், ஒன்று இரண்டு என்று விரல் மடக்கிச் சொன்னேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "அவருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்திருந்தா அவரு ஏன் எடுக்கப் போறாரு" என்றார். செத்துக்கொண்டிருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்துக்கொண்டிருந்தவர் சீருடைக்காரர். அந்த ஒரு பகுதிக்காக நாங்கள் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பொட்டலம் ஓமப்பொடி மேலே வந்தது. இரண்டே முக்காலுக்குச் சத்தமும் வந்தது.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. அடுக்குமாடி முழுக்கத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டுப் போடப் போனது. வீட்டுச் சாவிகள், கைக்குழந்தைகள், அடுப்பில் இருந்த குழம்பு, எல்லாம் பெரியம்மாவின் பொறுப்பு. போனவர்கள் ஒவ்வொருவராக விரலில் மையோடு திரும்பிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா வந்தபோது பெரியம்மா அவர் விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

"போவாதா?"

"பத்து நாளு இருக்குமாம்க்கா."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நீ பெருசா படிக்கிறியே, எனக்கு அந்த ஃபாரம் எழுதிக் குடுப்பியா?" என்றார். கேட்டது அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் சாவிகளை வேறு யாராவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை. வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

எழுதினேன். எப்படி எழுதினேன். குடியுரிமை கேட்பவர்களுக்கு மலாய் மொழியில் ஒரு வாய்மொழிச் சோதனை உண்டு. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். மலாய்ப் பாடத்தில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஓர் உரை தயாரித்தேன். நாட்டின் செழிப்பு, பல்லினங்களின் ஒற்றுமை, என் அபிலாஷை என்றெல்லாம் அதில் இருந்தது. செய்தி வாசிப்பவரே தடுமாறும் மலாய். ஒரு மாதம் அதைப் பெரியம்மாவுக்கு மனப்பாடம் செய்வித்தேன். அவர் மாவு பிசைந்துகொண்டே ஒப்பிப்பார். தப்பும். நான் கத்துவேன்.

"இது என் வாயில நிக்கலலா. நான் நம்ம ஆளு கதையச் சொல்லட்டா? பட்டறையில மக்சிக்குக்குச் சொல்ற மாதிரி?"

பட்டறையில் பொட்டலம் கட்டும் மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை மக்சிக் என்பார்கள். நான் சனிக்கிழமை சொன்ன கதையைப் பெரியம்மா திங்கட்கிழமை அவருக்கு மலாயில் சொல்வாராம். இது எனக்கு அன்றுதான் தெரியும்.

"பெரியம்மா, அது கவர்மெண்ட் ஆபீசு. அங்க போயி மூக்கு இல்லாதவரு கதையச் சொன்னா சிரிப்பாங்க. வாயத் தொறக்கக் கூடாது. நான் எழுதினத மட்டும் சொல்லுங்க."

அதையே சொன்னார். பாதிவரை தப்பில்லாமல் சொன்னார். அதிகாரி நிறுத்தி, "அபிலாஷை என்றீர்களே, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அந்த மலாய்ச் சொல்லுக்கு நான் பொருள் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒலியை மட்டும்தான் கொடுத்திருந்தேன். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. தேர்ச்சி இல்லை என்று கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உன் மலாய் ரொம்ப அழகு புள்ள. அந்தாளுக்கே பாதி புரியல போல" என்று என்னைத் தேற்றினார். இதற்கு மேல் ஒரு மனிதர் இன்னொருவரை எரிச்சல்படுத்த முடியாது.

பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் படிக்கட்டிலிருந்து அப்படிப் போன முதல் ஆள். முதல் வாரம் ஓர் அறிமுகக் கூட்டத்தில், எந்த ஊர் என்று ஒரு பெண் கேட்டாள். ஈப்போ என்றேன். இல்லை, அதற்கு முன்னால், என்றாள். பீடோர் என்றேன். அவள் சிரித்து, இல்லை, உண்மையில் எங்கிருந்து, என்றாள். கெட்ட பெண் இல்லை, பிறகு நல்ல கூட்டாளியானாள். ஆனால் அந்த நொடியில், அத்தனை பேர் நடுவில், எனக்கு நினைவு வந்தது யார் தெரியுமா? மூக்கில்லாத, மூன்று விரல் மனிதர். எனக்கு வந்த ஆத்திரம் அந்தப் பெண்மேல் இல்லை, பெரியம்மாமேல். நான் நீல அட்டைக்காரி. மலாயில் முதல் மாணவி. எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன? ஆறு வருடம் முழங்காலில் அடித்து அடித்து அவரை எனக்குள் ஏற்றிவிட்டிருந்தார்.

அன்று மாலையே கைப்பேசி அடித்தது, பெரியம்மாதான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"யாரு கூட?"

"தனியா."

"நின்னுக்கிட்டா, உக்காந்தா?"

"உக்காந்துதான் பெரியம்மா."

"அப்பப் பரவால்ல. நம்ம ஆளுக்கு நீ மேல."

நான் பேச்சை மாற்றினேன். ஆனால் சிரிப்பு வந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடைசி ஆண்டு விடுமுறையில் இரண்டாவது முறையாக விண்ணப்பம் போட்டோம். இம்முறை எனக்கு இருபத்தொரு வயது ஆகியிருந்தது. விண்ணப்பதாரரைத் தெரியும் என்று சாட்சி சொல்லும் குடிமக்களில் ஒருத்தியாக நானே கையெழுத்துப் போட்டேன். சோதனைக்கு முதல் நாள், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அப்ப வாயில என்னா வருதோ அது" என்றார். உரை எதுவும் நான் எழுதவில்லை. எழுதத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

சோதனை அறைக்குள் என்னை விடவில்லை. கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, முதல் சில கேள்விகளைக் கேட்டேன். பெயர், வேலை, பிள்ளைகள். ஒற்றைச் சொல்லில் பதில். பிறகு அந்தப் பெண் அதிகாரி, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றார். டிவி பார்ப்பேன் என்றார் பெரியம்மா. என்ன கதை என்றார் அதிகாரி. போச்சு என்று நினைத்தேன்.

பெரியம்மா சொல்லத் தொடங்கினார். நான் அவர் மலாயை அப்படிக் கேட்டதே இல்லை. சந்தையில் பேசும் மலாய்தான், இலக்கணம் கிடையாது. ஆனால் நிற்கவே இல்லை. கப்பலைச் சொன்னார், கதவைச் சொன்னார், பட்டியலைச் சொன்னார். மருந்து திருடியதைச் சொல்லி, அதற்கு நியாயமும் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் திருட்டுக்கு நியாயம் சொல்கிறாரே என்று நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவை நினைத்து அழுதார் என்று நான் கட்டிவிட்ட காரணமும் அதில் வந்தது. பதினைந்து நிமிடம் இருக்கும். அதிகாரி இடையில் ஒருமுறைதான் பேசினார்.

"கடைசியில் அவருக்குச் சீருடை கொடுத்தார்களா?"

"பெலோம், புவான்" என்றார் பெரியம்மா. இன்னும் இல்லை, அம்மா.

அதற்குப் பிறகு காகிதம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

தேர்ச்சி என்று வந்தது. அதன்பின் கோப்பு மேலே போய், கையெழுத்தாகி, கீழே வர இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் எனக்குத் தெலுக் இந்தானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. சத்தியப் பிரமாணம் எல்லாம் முடிந்து, அட்டையை வாங்கும் நாளில், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். இரண்டு மணிக்கு எனக்கு ஒரு வகுப்பு இருந்தது. மூன்றாம் படிவம், அறிவியல். தலைமையாசிரியரிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

பதிவு அலுவலகத்துக்குப் பெரியம்மா தீபாவளிப் புடவையில் வந்திருந்தார். முகப்பு மேசையில் இருந்த இயந்திரத்தில் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். அது ஏற்கவில்லை. துடைத்து வைத்தார். ஏற்கவில்லை. நான் அவரைப் பார்க்காமல் இருந்தேன், பார்த்தால் கதவுக் கதையைத் தொடங்குவார். ஆறாவது முறை ஏற்றது. அட்டையைக் கொடுத்தார்கள். நீலம். அவர் அதை வாங்கி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசி."

பெயரை வாசித்தேன். முகவரியை வாசித்தேன். குடிமகள் என்று போட்டிருந்த சொல்லை விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டினார்.

"உன்னோடத எடு."

என் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் அட்டை எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பீடோரும் ஈப்போவும் இருக்கும் பேராக்கில் பிறந்தால் சைபர் எட்டு.

"உனக்கு எட்டு. உங்கம்மாவுக்கும் எட்டு. எனக்கு ஏன் வேற நம்பரு? செவப்புல இருந்த அதே நம்பரப் போட்டிருக்காங்க. நீலமாச்சுன்னா மாறும்னு நெனச்சேன்."

அந்த எண்ணின் பொருள் எனக்குப் பதினேழு வயதிலிருந்தே தெரியும். முதல் விண்ணப்பம் எழுதும்போதே பார்த்துவிட்டேன். அவர் கேட்காததால் சொல்லவில்லை. மணி பதினொன்று. இப்போதும் கணினி போட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குக் கிளம்பியிருக்கலாம்.

"பொறந்த எடம் தெரியாதவங்களுக்குப் போடுற நம்பரு, பெரியம்மா" என்றேன்.

"யாருக்குத் தெரியாது?"

"அவங்களுக்கு. பொறப்புப் பத்திரம் இல்லல."

"எனக்குத் தெரியும்லா."

எழுந்தார். நேராகப் போய், வாசலோரம் இருந்த இயந்திரத்தில் மறுபடியும் ஒரு வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பெரியம்மா, எல்லாம் முடிஞ்சது. போலாம். எனக்கு ரெண்டு மணிக்குக் கிளாசு."

"நீ போ புள்ள. நான் சொல்லிட்டு வாரேன்."

"சொன்னா மாத்த மாட்டாங்க. அந்த நம்பர மாத்துறது லேசுல நடக்காது."

"மாத்த வேணாம். தெரியாதுன்னு போட்டிருக்காங்கல்ல, தெரிஞ்சுக்கட்டும். போன வாரம் வரைக்கும், கேட்டா கோச்சுக்குவாங்க, ஃபாரத்த ஒதுக்கி வச்சிருவாங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப கேக்கலாம்தானே? நீயே வாசிச்ச."

நான் பள்ளிக்கு அழைத்து, வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. எனக்கு அது நன்றாகப் புரிந்த பெருமூச்சு. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல ரெண்டாவது டிவிசனுக்கு மலாய்ல என்னா?"

சொன்னேன்.

"நாலாவது லயம், கடைசி வீடு?"

அதையும் சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நான் பொறந்த அன்னிக்கு விடியக்காலையில இருந்து மழை. பால்வெட்டு இல்ல. இல்லாட்டி எங்கம்மா மரத்தடியில பெத்திருக்கும். மழைக்கு எனக்கே தெரியும், நீ சொல்ல வேணாம்."

திரையில் ஓர் எண் மாறியது. எங்களுக்கு முன்னால் இன்னும் ஐம்பத்தேழு பேர் இருந்தார்கள்.